சக்கரத்தில் சுழலாத பூச்சாடி

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றை ஒட்டியிருக்கும் என் தங்கை வீட்டில், சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தபடி இருக்கும் ஜன்னலோரத்து மேசையின் மீது, ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான நிறமற்ற கண்ணாடிப் பூச்சாடி ஒன்று பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை இயங்கிய காலத்தில் அங்கு வேலை பார்த்த அவள் கணவர், பின்லாந்துக்குப் போய்த் திரும்பும்போது வாங்கி வந்தது அது. மேலிருந்து பார்த்தால் அதன் விளிம்பு வட்டமும் அல்ல, நீள்வட்டமும் அல்ல. ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் உள்வாங்கி, மீண்டும் புடைத்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத ஒற்றை அலைக்கோடு. அதை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது தங்கை என்னிடம், “அண்ணா, இது ஒழுங்கா வட்டமாவே இல்லையே, செஞ்சவங்களுக்குக் கை தவறிப்போச்சோ?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி சரியான இடத்தைத் தொட்டது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு பாத்திரம் ஏன் வட்டமாக இருக்கிறது, வட்டத்தை விட்டு விலக என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சாடியைப் புரிந்துகொள்ள முடியாது.

இதை வடிவமைத்தவர் அல்வார் ஆல்டோ. 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்த பின்லாந்துக் கட்டடக் கலைஞர். கார்ஹுலா-ஈத்தலா கண்ணாடி ஆலைகள், 1937-இல் பாரிஸில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சியை மனத்தில் வைத்து, 1936-இல் ஒரு வடிவமைப்புப் போட்டியை அறிவித்தன. ஆல்டோ சில காகிதங்களில் வண்ணக் கோடுகளாகக் கிறுக்கி அனுப்பிய படங்களுக்கு முதற்பரிசு கிடைத்தது. போட்டிக்கு அவர் வைத்த புனைபெயர் ஸ்வீடிஷ் மொழியில் இருந்தது. ‘எஸ்கிமோப் பெண்ணின் தோல் காற்சட்டை’ என்பது அதன் பொருள். (அந்த மக்களில் பலர் இன்று அச்சொல்லை விரும்புவதில்லை, இங்கே பழைய பெயராக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.) பாரிஸ் கண்காட்சியில் சாடி வைக்கப்பட்டது. அதே 1937-இல் ஹெல்சிங்கியில் திறக்கப்பட்ட சவோய் என்னும் உணவகத்தின் உள்ளலங்காரத்தை ஆல்டோவும் அவர் மனைவி ஐனோவும் செய்தார்கள். அங்கு மேசைகளில் இடம்பெற்றதால் ‘சவோய் சாடி’ என்ற பெயரும் அதற்கு நிலைத்துவிட்டது.

வடிவம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஏரிக்கரையின் வளைவு என்பது அவற்றுள் மிகவும் பரவியது. சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ 1,88,000 நீர்நிலைகள் உள்ள நாட்டில் இப்படித் தோன்றுவது இயல்புதான். போதாக்குறைக்கு, பின்னிய மொழியில் ‘ஆல்டோ’ என்ற சொல்லுக்கே அலை என்றுதான் பொருள். ஏரியும் காடும் சேர்ந்து பெயரான ஊரில் நின்றுகொண்டு அந்த விளக்கத்தை மறுப்பதற்கு எனக்கும் மனம் வரவில்லை. ஏற்காட்டு ஏரியின் கரையைச் சுற்றி நடந்து பார்த்தால், நிலம் நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் நீர் ஒதுங்குவதும், நிலம் விட்டுக்கொடுக்கும் இடத்தில் நீர் நுழைவதும் தெரியும். ஆயினும் இந்த ஒப்புமை கண்ணால் கண்டு சொல்வது. கண்ணாடிப் பட்டறைக்குள் நுழைந்தால் இன்னும் வலுவான விளக்கம் கிடைக்கிறது என்பது என் கருத்து.

நம் வீடுகளில் உள்ள பாத்திரங்களை எண்ணிப் பாருங்கள். குயவர் சக்கரத்தில் எழும்பிய மண்பானை, கடைசல் பிடித்த பித்தளைச் சொம்பு, எவர்சில்வர் டம்ளர் என எல்லாமே ஏதோ ஒன்று சுழன்றதால் பிறந்தவை. சுழற்சி வட்டத்தைத் தவிர வேறொன்றைத் தராது. ஊதிச் செய்யும் கண்ணாடியும் அப்படியே. மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்து உருகியதுதான் நாம் அன்றாடம் காணும் கண்ணாடி. மணல் மட்டும் உருக வேண்டுமானால் 1,700 பாகை செல்சியஸ் அளவுக்கு வெப்பம் தேவைப்படும். சோடா அதைக் குறைக்கிறது. சோடா மட்டும் சேர்த்தால் கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் சுண்ணாம்பு அதைத் தடுத்துக் கட்டிப்போடுகிறது. ஏறக்குறைய 1,100 பாகையில், வடியும் வெல்லப்பாகின் பதத்தில் இருக்கும் குழம்பை இரும்பு ஊதுகுழலின் நுனியில் சுற்றி எடுத்து ஊதுவார்கள். ஊதுகிறவர் குழலை ஒரு கணமும் சுழற்றாமல் விடக்கூடாது; விட்டால் குழம்பு ஒரு பக்கமாகத் தொங்கி ஒழுகிவிடும். சுழல்வதனாலேயே அந்தக் குமிழி தானாக உருண்டை ஆகிறது.

ஒரே அளவில் பல துண்டுகள் தேவைப்படும்போது அச்சுக்குள் விட்டு ஊதுவது வழக்கம். இதற்கு நெடுங்காலமாக மர அச்சு பயன்பட்டு வந்திருக்கிறது. மரத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்துவார்கள். கொதிக்கும் கண்ணாடி உள்ளே நுழைந்ததும் ஈரம் ஆவியாகி, மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய நீராவிப் படலமாக நிற்கும். அந்தப் படலத்தின் மீது ஊதுபவர் குமிழியைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். கண்ணாடி மரத்தை நேரடியாகத் தொடாததாலும், ஒரே இடத்தில் நிற்காததாலும், அச்சின் பொருத்துக்கோடோ மரத்தின் வரிகளோ மேற்பரப்பில் பதிவதில்லை. வழவழப்பான மது கோப்பை, விளக்குச் சிமிழி போன்றவற்றின் ரகசியம் இதுதான்.

இப்போது ஆல்டோவின் அலைக்கோட்டை இந்த முறையில் செய்ய முயன்று பாருங்கள். உள்ளும் புறமுமாக வளையும் அச்சுக்குள் குமிழி சுழலவே முடியாது. சுழல முடியாது என்றால், அது நின்ற இடத்தில் நின்று அச்சைத் தொட்டாக வேண்டும். தொட்டால் தொட்ட இடத்தின் தடம் பதியும், தொட்ட இடம் முதலில் குளிர்ந்து இறுகும். பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடி ஊதுபவர்கள் தவிர்த்து வந்த அத்தனை தொல்லைகளும் இந்த ஒரு கோட்டுக்குள் ஒன்றுசேர்கின்றன. சாடியின் அழகும் அதே தொல்லைகளிலிருந்துதான் வருகிறது.

ஆல்டோ முதலில் செய்து பார்த்தது மிக எளிமையான சோதனை. மரக் கோல்களைத் தரையில் ஊன்றி, அவற்றின் நடுவே கண்ணாடிக் குமிழியை இறக்கி ஊதச் செய்தார். கோல் நின்ற இடத்தில் கண்ணாடி தடைபட்டு உள்வாங்கியது; கோல் இல்லாத இடத்தில் வெளியே புடைத்தது. இதைத்தான் நான் இந்தச் சாடியின் மூலக்கரு என்று கருதுகிறேன். வடிவமைப்பாளர் இங்கே கண்ணாடிக்கு ஒரு வடிவத்தைத் திணிக்கவில்லை. எங்கே தடுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை மட்டும் அவர் முடிவு செய்தார். இடைப்பட்ட வளைவை மூச்சும் வெப்பமும் கண்ணாடியின் இழுவையும் தீர்மானித்தன. ஏரிக்கரை நினைவுக்கு வருவதற்கும் காரணம் இதுவே: நீரும் அப்படித்தான் தன் வடிவத்தைப் பெறுகிறது. ஏரியைப் பார்த்து வரைந்த கோடு என்பதைவிட, ஏரி உருவாகும் விதத்திலேயே உருவான கோடு என்று சொல்வது பொருந்தும்.

சோதனை வேறு, ஆலை உற்பத்தி வேறு. மெல்லிய எஃகுத் தகடுகளைக் கம்பிகளுக்கு நடுவே வளைத்து நிறுத்தி அச்சாக்கலாம் என்பது ஆல்டோவின் முதல் திட்டம். தகட்டை வேண்டியபடி மாற்றி மாற்றி வளைத்தால் சாடிக்குச் சாடி வடிவம் வேறுபடும் என்ற கவர்ச்சி அதில் இருந்தது. ஆனால் அம்முறை நடைமுறையில் பலிக்கவில்லை. கடைசியில் மரத்தில் குடைந்த அச்சில்தான் சாடிகள் ஊதப்பட்டன. மர அச்சு ஒவ்வொரு ஊதலுக்கும் சிறிது கருகும். கருகக் கருக உட்பரப்பு தேயும். ஆகவே முதல் நாள் ஊதிய சாடிக்கும் அச்சு மாளும் தறுவாயில் ஊதிய சாடிக்கும் நடுவே நுட்பமான வேறுபாடு இருந்தே தீரும். 1954-இல் வார்ப்பிரும்பு அச்சு வந்தது. இரும்பு தேயாது, வளைவுகள் மாறாது, மேற்பரப்பும் சீராக வரும். என் தங்கை வீட்டில் இருப்பது இரும்பு அச்சின் பிள்ளை. மர அச்சில் ஊதிய பழைய சாடிகளின் பக்கங்களில் காற்று பட்ட குளத்து நீர்போல மெல்லிய நெளிவு இருக்கும் என்பதால், சேகரிப்போர் அவற்றைத் தனியாகத் தேடி வாங்குகிறார்கள். எனக்கும் அந்த நெளிவே பிடிக்கிறது. மரம் தன்னை எரித்துக்கொண்டு கொடுத்த தடம் அது.

அச்சிலிருந்து வெளிவந்தவுடன் சாடி முடிந்துவிடுவதில்லை. ஊதுகுழல் ஒட்டிய தலைப்பகுதி மூடிய குமிழியாக இன்னும் மேலே இருக்கும். உடனே வெளிக்காற்றில் வைத்தால் வெளிப்புறம் முந்திச் சுருங்கி, உட்புறம் பிந்திச் சுருங்கி, உள்ளே அடைபட்ட இழுவிசையால் எந்த நேரத்திலும் வெடிக்கும். எனவே ஏறக்குறைய 500 பாகையில் இருக்கும் ஆற்றும் அறைக்குள் செலுத்தி, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். ஆறிய பிறகு தலையை அறுத்தெடுத்து, விளிம்பைச் சாணை பிடித்து மெருகேற்றுவார்கள். இந்தச் சாடியின் விளிம்பைத் தடவினால், பக்கச் சுவர்களின் மென்மைக்கு மாறாக அது வெட்டிய தரையைப்போலச் சமமாக இருப்பது விரலுக்குத் தெரியும். பக்கம் மூச்சினால் ஆனது, விளிம்பு சக்கரத்தால் ஆனது.

கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வருமாறு சாடியைத் திருப்பி வைத்தால், சுவரின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்பது தெரியும். அச்சு உள்ளே நீட்டிக்கொண்டிருந்த இடங்களில் குமிழி முதலில் முட்டியது. முட்டியதும் குளிர்ந்து அங்கேயே நின்றது. அதனால் உள்வளைவுகளில் கண்ணாடி தடித்து, வெளிச்சம் அங்கே சற்று மங்கித் திரள்கிறது. வெளியே புடைத்த பகுதிகளுக்கோ கண்ணாடி இன்னும் தொலைவு பயணிக்க வேண்டியிருந்தது. நீண்டு நீண்டு அது மெலிந்தது. ஏற்காட்டில் மார்கழி மாதத்து மூடுபனி ஜன்னல் வரை வந்து நிற்கும் காலைகளில், அந்த மெலிந்த பகுதிகள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகின்றன. தடித்த வளைவுகள் மட்டும் மேசை மீது செங்குத்தான சாம்பல் நிறக் கோடுகளாக நிற்கின்றன. ஆல்டோ ஊன்றிய கோல்கள் இருந்த இடம் அது என்று அப்போது தோன்றும்.

ஊதுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் மலைக்குக் கீழேயும் இருக்கிறார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்குப் பற்றவைப்பு செய்யும்போது, இணைப்புகளில் பொடி வைத்து, வெங்காரம் தடவி, விளக்குச் சுடரைக் குழலால் ஊதிக் குறிப்பிட்ட புள்ளியில் பாய்ச்சுவது பழைய முறை. இன்று பெரும்பாலும் எரிவாயு வந்துவிட்டது. ‘பொடி வைத்து ஊதுவது’ என்று நாம் பேச்சில் சொல்வதும் அந்தப் பட்டறையிலிருந்து வந்த வழக்குதான். முதிய தொழிலாளர் ஒருவர் ஊதுவதை ஒருமுறை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கன்னம் இரண்டும் தோற்பை போல நிறைந்திருக்க, மூக்கினால் இழுத்த காற்றும் வாயால் விடும் காற்றும் ஒன்றையொன்று தடுக்காமல், சுடர் இம்மியும் அசையாமல் நின்றது. பொடி உருகி ஓடிய கணத்தில் சட்டென மூச்சை நிறுத்தினார்; இன்னும் ஒரு நொடி நீடித்திருந்தால் வெள்ளிக் கம்பியே உருகியிருக்கும். கண்ணாடி ஊதுபவரின் மூச்சு சுடருக்குப் போகாமல் பொருளுக்குள்ளேயே போகிறது என்பது வேறுபாடு. எப்போது நிறுத்துவது என்ற அறிவு இரண்டிலும் ஒன்றே. அது எந்த வரைபடத்திலும் இடம்பெறுவதில்லை.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லும்போது சேலத்துக்காரனாக இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெளுத்துக் கிடக்கும் வெள்ளைக்கல் மேடுகளை இங்கே எல்லாரும் பார்த்திருப்போம். அந்த மேக்னசைட்டைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா 2,800 பாகை வரை உருகாது. எஃகு உலைகளுக்கும், கண்ணாடி உலைகளில் புகையின் வெப்பத்தைத் தேக்கித் திருப்பிக் கொடுக்கும் அறைகளுக்கும் மக்னீசியாச் செங்கற்கள் தேவைப்படுகின்றன. கண்ணாடி என்றவுடன் நாம் நொறுங்கும் பொருளை நினைக்கிறோம். அதைப் பெற்றெடுக்க அதைவிட மிக அதிக வெப்பம் தாங்கும் கல் ஒன்று பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆல்டோவிடம் இந்த அலை திடீரென்று வந்ததல்ல. 1933-இல் திறக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனைக்காக அவர் பிர்ச் மரத்தின் மெல்லிய அடுக்குகளை ஒட்டி வளைத்து நாற்காலி செய்தார். குழாய் எஃகில் நாற்காலி செய்வது நாகரிகமாக இருந்த காலம் அது. நோயாளியின் உடலுக்கு உலோகத்தின் சில்லிப்பு ஆகாது என்று கருதி அவர் மரத்துக்குப் போனார். 1935-இல் முடிந்த விபூரி நூலகத்தில், சொற்பொழிவுக் கூடத்தின் மரக் கூரையை நீளவாக்கில் அலைபோல நெளியவிட்டார். பேசுகிறவர் குரல் கூடத்தின் கடைசி வரிசைவரை தெளிவாகச் சேர வேண்டும் என்பதற்காக. அவ்வூர் இன்று ரஷ்யாவில் வீபோர்க் என்ற பெயரில் இருக்கிறது. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியின் பின்லாந்து அரங்கில் அதே அலை பெரும் மரச்சுவராக எழுந்து முன்னோக்கிச் சாய்ந்து நின்றது. உடலுக்காக, ஒலிக்காக, பார்வைக்காக என்று காரணம் ஒவ்வொரு முறையும் வேறு. மரத்தில் கட்டிப் பிடித்து வளைக்க வேண்டியிருந்த கோட்டைக் கண்ணாடி தானாகவே தந்தது என்பதுதான் சாடியின் தனிச்சிறப்பு.

ஐனோவின் பெயரைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. அவரும் கட்டடக் கலைஞர். 1932-இல் அதே ஆலையின் போட்டிக்கு அவர் கொடுத்த அழுத்துக் கண்ணாடி (ஊதாமல், குழம்பை அச்சில் வைத்து அழுத்திச் செய்வது) டம்ளர் இரண்டாம் பரிசு பெற்றது. கல்லெறிந்த குளத்து நீரில் வளையம் வளையமாக விரியும் அலைகளைப்போல அதன் புறத்தில் வரிகள் ஓடும். ஊதிச் செய்வதைவிட மலிவான அழுத்துக் கண்ணாடியில் சிறு குறைகள் தெரியும்; அந்த வளையங்கள் அவற்றை மறைக்கும்; டம்ளரைப் பிடிக்கவும் வசதி. 1936-இல் மிலானில் நடந்த கண்காட்சியில் அவருடைய கண்ணாடிப் பொருள்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வீட்டுக்கு வீடு புழங்கும் பொருளாக நிலைத்ததில் ஐனோவின் டம்ளர் கணவரின் சாடிக்குச் சற்றும் குறைந்ததல்ல. 1949-இல் அவர் காலமானார். அலை என்றதும் அல்வாரை மட்டும் நினைப்பது, அந்த வீட்டில் அலையைக் கண்ணாடியில் முதலில் ஓடவிட்டவரை விட்டுவிடுவதாகும்.

போட்டிக்காகச் செய்த வடிவம் என்பதால் அதன் உரிமை ஆலைக்கே போனது. உலகமெங்கும் பேர்போன சாடியால் ஆல்டோவுக்குப் பெரிய வருமானம் கிடைக்கவில்லை. பெயர் மட்டும் அவருக்குக் கிடைத்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சாடி இருக்கிறது, அருகில் அவர் பெயர் இருக்கிறது. அச்சைக் குடைந்த தச்சர், கருகிய அச்சிலிருந்து பழுதில்லாமல் சாடியை எடுத்த ஊதுபவர், விளிம்பைச் சாணை பிடித்தவர் ஆகியோருக்குப் பணமும் பெயருமாக என்ன கிடைத்தது என்பதைச் சாடியில் தேடிப் பயனில்லை. நம் கொலுசுப் பட்டறையில் நிலைமை வேறு மாதிரி: கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் எனப் பல கை கடந்து வரும் கொலுசில் மாதிரிக்குத்தான் பெயர் உண்டு, மனிதருக்கு இல்லை; அந்த மாதிரியை முதன்முதலில் யோசித்தவர் யார் என்பதும் மறந்துபோயிருக்கும். பின்லாந்துக்காரர்கள் ஒருவரையாவது நினைவில் வைத்தார்கள். அந்த அளவுக்கு அவர்கள் முறை மேலானது என்றே எண்ணுகிறேன். ஆனாலும் எங்கே தடுப்பது என்று முடிவு செய்தவரைப் போலவே, எவ்வளவு ஊதுவது என்று முடிவு செய்தவரும் இந்தக் கோட்டுக்கு உரியவர்.

பூ வைக்கும் வேலையை இந்தச் சாடி எப்படிச் செய்கிறது என்பது மிச்சமிருக்கிறது. நம் ஊரில் பூ என்றால் தொடுத்த பூதான். முழம் போட்டு வாங்குகிற குண்டுமல்லிக்கும் சம்பங்கிக்கும் காம்பே கிடையாது. சாமிக்கும் தலைக்கும் போனது போக, உருளியில் தண்ணீர் விட்டு மிதக்கவிடுவோம். காம்போடு பூவை நிறுத்தும் பழக்கம் நமக்குப் பிந்தி வந்தது, அதற்காக நாம் வாங்கிய சாடிகளும் பெரும்பாலும் கழுத்துக் குறுகியவை. குறுகிய கழுத்து பூக்களைக் கற்றையாக நெருக்கிப் பிடிக்கும். வாய் அகன்ற வட்டச் சாடியிலோ காம்புகள் நிற்காமல் சரிந்து, ஆளுக்கொரு பக்கமாக விளிம்பில் சாய்ந்துவிடும். ஆல்டோவின் சாடி வாய் அகன்றதுதான், ஆனால் ஒவ்வொரு புடைப்பும் தனித்தனி மூலையாக நின்று தன் காம்புகளைத் தாங்கிக்கொள்கிறது. தங்கை தன் வீட்டு நிழலில் வளர்க்கும் ஆந்தூரியம் மூன்றை வெட்டி வந்து, ஒரு புடைப்புக்கு ஒன்றாக வைத்தாள். மூன்றும் மூன்று திசை பார்த்து, ஒன்றையொன்று தொடாமல் நின்றன. தண்ணீர் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. தடித்த உள்வளைவுக்குப் பின்னே வந்த காம்பு ஒன்று நீர்மட்டத்தில் ஒடிந்தது போல விலகித் தெரிந்தது. சாடியை அவள் சற்றே திருப்பியதும் அது மீண்டும் நேரானது.